பனியாற்றின் நடை

அசையாதவை என்று நாம் எண்ணும் பொருள்களுள் பல அசைந்துகொண்டே இருக்கின்றன. கடிகாரத்தின் மணிமுள்ளை உற்று நோக்கினால் அது நகர்வதாகத் தோன்றாது. உணவருந்திவிட்டு வந்து பார்த்தால் வேறோர் எண்ணைக் காட்டி நிற்கும். தோட்டத்துக் கொடி வளர்வதை எவரும் கண்டதில்லை. ஆயினும் சில நாட்களில் அது வேலியைத் தாண்டிவிடுகிறது. இத்தகைய மெல்லிய அசைவுகளைக் கண் நேரே அறியாது. முன்பு இருந்த இடத்தைக் குறித்து வைத்து, பின்பு இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டே அவற்றை அறிய இயலும். இந்த எளிய வழியைக்கொண்டு மனிதன் செய்துவரும் அளவைகள் பல. அவற்றுள் துருவப் பனியாறுகளின் நடையை அளக்கும் முயற்சி என் மனத்தைப் பெரிதும் கவர்ந்ததாகும். அதைப்பற்றி நான் அறிந்தவற்றையும், அது எனக்கு உணர்த்தியவற்றையும் இங்கே கூற விரும்புகிறேன்.

பனியாறு என்னும் பெயரைக் கேட்டதும் சலசலத்து ஓடும் நீரோட்டம் நினைவுக்கு வரலாம். அது அத்தகையதன்று. குளிர் மிகுந்த நாடுகளில் ஆண்டுதோறும் பெய்யும் பனி முழுவதும் உருகிவிடுவதில்லை. எஞ்சிய பனியின்மேல் அடுத்த ஆண்டின் பனி விழுகிறது. இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காகப் பல நூற்றாண்டுகள் சேர்ந்த பின்பு, அடியில் உள்ள பனி மேற்சுமையால் இறுகிக் கெட்டியான பனிக்கட்டி ஆகிறது. அதன் கனம் மிகும்போது, தன் எடையினாலேயே சரிவை நோக்கி மெல்ல நெகிழ்ந்து நகரத் தொடங்குகிறது. அடியில் நீர்ப்பசை இருக்குமாயின் பாறையின்மேல் வழுக்கியும் செல்கிறது. இவ்வாறு நகரும் பனிக்கட்டியே பனியாறு எனப்படும்.

வடதுருவத்துக்கு அருகில் உள்ள கிரீன்லாந்துத் தீவில் சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பைப் பனிக்கட்டி மூடியிருக்கிறது. சில இடங்களில் அதன் கனம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. தென்துருவத்தில் உள்ள அண்டார்க்டிகாவின் பனிவிரிப்பு இதனினும் பன்மடங்கு பெரியது. இவ்விரண்டின் விளிம்புகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான பனியாறுகள் கடலை நோக்கி இறங்குகின்றன. கடலை அடைந்ததும் அவற்றின் முகப்பு உடைந்து, பனிப்பாறைகளாக மிதந்து செல்கிறது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் கடலில் கலக்குமாயின், உலகக் கடல்களின் மட்டம் ஏறக்குறைய 7 மீட்டர் உயரும். அஃது ஓரிரு தலைமுறைகளுக்குள் நிகழக்கூடியதன்று. ஆயினும் தாழ்ந்த கடற்கரைகளில் வாழ்வோருக்குச் சில சென்டிமீட்டர் உயர்வும் பெரிதே. புயற்காலத்து அலை முன்னிலும் உள்ளே வரும். கிணற்று நீரில் உப்பு ஏறும். ஆகவே, ஒரு பனியாறு எத்தனை விரைவாக நடக்கிறது என்னும் கேள்வி, பனியையே கண்டறியாத மக்களின் வாழ்வையும் தொடுகின்ற கேள்வியாகும்.

துருவப் பனியாறுகளை அளக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, ஐரோப்பாவில் உள்ள ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை அறிஞர்கள் அளந்தனர். 1827-ஆம் ஆண்டில் ஹூகி என்னும் ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர், உண்டெரார் என்னும் பனியாற்றின்மேல் சிறு குடிசை ஒன்றை அமைத்தார். பின்னர் அங்கே ஆராயச் சென்ற லூயி அகாசி என்பவர், அக்குடிசை கட்டிய இடத்தில் இல்லாமல், ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் கீழே வந்திருக்கக் கண்டார். குடிசையை எவரும் தூக்கிச் செல்லவில்லை. அது நின்ற தளமே நடந்திருந்தது. அதன் பின்பு அறிஞர்கள் பனியின் குறுக்கே நேர்வரிசையில் கழிகளை நட்டனர். சில நாட்களில் அவ்வரிசை வில்போல் வளைந்தது. பனியாறு நடுவில் விரைந்தும், கரையோரங்களில் தயங்கியும் செல்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

எனினும் அவ்வளவைகள் பெரும்பாலும் கோடைக்காலத்தில் செய்யப்பட்டவை. குளிர்காலத்தில் மலையேறுவது கடினம் அன்றோ? 1859-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜான் டிண்டல் என்னும் அறிஞர் ஆழ்ந்த பனியினூடே சென்று, இன்று பிரான்சு நாட்டில் உள்ள மேர் த கிளாஸ் என்னும் பனியாற்றை அளந்தார். கோடையில் அது கொண்டிருந்த வேகத்தில் ஏறத்தாழப் பாதியே குளிர்காலத்தில் இருந்தது. ஒரு பருவத்தில் மட்டும் அளந்து, அதையே ஆண்டு முழுவதற்கும் உரியதாகக் கொண்டால் கணக்கு எத்துணைப் பிழைபடும் என்பதை அந்தக் குளிர்காலப் பயணம் காட்டிற்று.

துருவ நாடுகளில் இந்த முறை எளிதில் செல்லாது. அங்கே பனிவிரிப்பு ஒரு நாட்டின் அளவினது அன்று. அண்டார்க்டிகாவில் அஃது ஒரு கண்டத்தின் அளவினது. எத்தனை கழிகளை நடுவது? பனியின் மேற்பரப்பில் ஆழமான பிளவுகள் பல உண்டு. மெல்லிய பனிமூடி அவற்றை மறைத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருள் சூழ்ந்திருக்கும். கோடையிலோ மேகம் அடிக்கடி மூடிக்கொள்ளும். ஆகவே வானத்திலிருந்து சாதாரணப் புகைப்படம் எடுப்பதும் எல்லாக் காலத்துக்கும் உதவாது.

இத்தடைகளை வென்ற கருவியே ரேடார். அது கதிரவனின் ஒளியை எதிர்பார்த்து நிற்பதில்லை. தானே ரேடியோ அலைகளை அனுப்புகிறது. அவை நிலத்தில் பட்டுத் திரும்பி வருவதைப் பெற்றுக்கொள்கிறது. இருளும் மேகமும் அவ்வலைகளைத் தடுப்பதில்லை. 1991-ஆம் ஆண்டில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஈ.ஆர்.எஸ்.-1 என்னும் செயற்கைக்கோளை இத்தகைய ரேடாருடன் ஏவியது. அது எடுத்த படங்களைக்கொண்டு, அண்டார்க்டிகாவில் உள்ள ரட்ஃபோர்டு என்னும் பனியோட்டத்தின் நகர்வைக் கணித்த செய்தி 1993-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனமே செண்டினல்-1 வரிசையின் முதற்கோளை ஏவியது. அது சுமார் 693 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. 2016-இல் அதற்குத் துணையாக மற்றொரு கோளும் சென்றது. இரண்டும் மாறி மாறிக் கடந்ததால், ஆறு நாட்களுக்கு ஒரு படம் கிடைக்கலாயிற்று.

அத்துணை உயரத்திலிருந்து சிறு நகர்வை எப்படி அறிவது என்று கேட்கத் தோன்றும். கடலலைக்கு முகடும் அகடும் இருப்பதுபோல ரேடியோ அலைக்கும் உண்டு. செண்டினல் அனுப்பும் அலையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 5.6 சென்டிமீட்டர். முதல் முறை சென்ற அலை, பனியில் பட்டுத் திரும்பியபோது முகடாக வந்து சேர்ந்தது என வைத்துக்கொள்வோம். சில நாட்கள் கழித்துக் கோள் மீண்டும் வந்து அலையை அனுப்புகிறது. இதற்குள் பனி கோளைவிட்டு 1.4 சென்டிமீட்டர் விலகியிருந்தால், போகவும் வரவுமாக அலை 2.8 சென்டிமீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். இஃது அலைநீளத்தில் பாதி. ஆகவே முன்பு முகடு வந்த இடத்தில் இப்போது அகடு வந்து சேரும். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டால், எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்தே விரற்கடை அளவான நகர்வை அறிந்துவிடலாம்.

மெதுவாக நடக்கும் பனிக்கு இம்முறை ஏற்றது. நாளொன்றுக்குப் பல மீட்டர் விரையும் பனியாற்றுக்கு வேறொரு முறை உண்டு. ரேடார்ப் படத்தில் வெளிச்சமும் இருளுமான நுண்புள்ளிகள் ஒரு கோலம்போல் விரவிக் கிடக்கும். முதற்படத்தில் ஒரு சிறு பகுதியின் கோலத்தை எடுத்துக்கொண்டு, அதே கோலம் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று கணிப்பொறி தேடுகிறது. கூட்டத்தில் தொலைந்த குழந்தையைச் சட்டையின் நிறங்கொண்டு தேடுவது போன்றது இது. எவ்வளவு தூரம் நகர்ந்தது, இடையே எத்தனை நாட்கள் சென்றன என்பவை தெரிந்தால், வேகம் தானே கிடைக்கும்.

ஆனால் இவ்வேலையில் இடர் ஒன்று உண்டு. கோடையில் பனியின் மேற்பரப்பு உருகி மாறிவிடுவதால், இரண்டாம் படத்தில் பழைய கோலம் அழிந்து போகலாம். எந்தப் பருவத்தின் செய்தி மிகவும் வேண்டுமோ, அந்தப் பருவத்திலேயே தடயம் மறைகிறது. ஆகவே ஒரு படத்தை நம்பியிராமல் பல நூறு படங்களை ஒப்பிட்டு, ஐயத்துக்குரியவற்றை நீக்கி, எஞ்சியவற்றிலிருந்து முடிவு காண வேண்டியிருக்கிறது. மற்றொன்றும் கூற வேண்டும். கோளின் பாதையில் ஏற்படும் சிறு மாறுதலும் பனியின் நகர்வுபோல் தோற்றமளிக்கலாம். அதைப் பிரித்தறிய, பனியாற்றின் அருகே உள்ள பாறைகளை ஆராய்கின்றனர். பாறை நகராது, ஆகவே பாறை நகர்ந்ததாகக் கணக்குக் காட்டுமாயின் தவறு கணக்கிலேயே இருக்கிறது. நகராத பாறையைக்கொண்டு நகரும் பனியை அளக்கும் இந்த முறையைப்பற்றி நான் பலமுறை எண்ணி மகிழ்ந்ததுண்டு. மாறுவதை அறிய, மாறாத ஒன்றை உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வாழ்க்கைக்கும் பொருந்தும் அன்றோ?

இனி, பருவந்தோறும் பனியாற்றின் நடை ஏன் மாறுகிறது என்பதைக் காண்போம். கோடையில் கிரீன்லாந்துப் பனியின் மேற்பரப்பு உருகி, நீலநிற ஏரிகள் ஆங்காங்கே தோன்றுகின்றன. 2006-ஆம் ஆண்டு ஜூலையில், சுமார் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி ஒன்று, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பனியைப் பிளந்துகொண்டு அடியில் இறங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஏரியின் பெரும்பகுதி வற்றிவிட்டது. இவ்வாறு அடித்தளத்தை அடையும் நீர், பனிக்கும் பாறைக்கும் இடையே புகுந்து பனியைத் தாங்குகிறது. உராய்வு குறைய, பனி முன்னிலும் விரைந்து வழுக்குகிறது. கடலில் முடியும் பனியாறுகளுக்கு வேறொரு காரணமும் உண்டு. குளிர்காலத்தில் முகப்பின் முன்னே உறைந்து கிடக்கும் கடற்பனியும் உடைந்த பனிக்கட்டிகளும், தேர்ச்சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டைபோல் அதனைத் தடுத்து நிற்கின்றன. கோடையில் அவை கலைந்து போகின்றன. வெதுவெதுப்பான கடல்நீர் முகப்பை அரிக்கிறது. பனியாறு தடையின்றி முன்னேறுகிறது.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், இலுலிசாட் என்னும் ஊருக்கு அருகில், யாக்கப்ஸ்ஹாவன் என்னும் பெரிய பனியாறு கடலில் விழுகிறது. 1992-ஆம் ஆண்டளவில் அதன் வேகம் ஆண்டுக்கு 6 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. 2012-ஆம் ஆண்டுக் கோடையில், ஆண்டுக்கு 17 கிலோமீட்டர் என்னும் வேகத்தை அஃது எட்டியதாக ரேடார்ப் படங்கள் காட்டின. அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 மீட்டர். ஆனால் அது கோடையின் உச்ச வேகம். ஆண்டு முழுவதன் சராசரி அதனினும் குறைவே. உச்சத்தை மட்டும் எடுத்துக் கூறுவோர் அச்சத்தைப் பெருக்குவர். குளிர்கால வேகத்தை மட்டும் கூறுவோர் கவலையைக் குறைத்துக் காட்டுவர். இரண்டையும் சேர்த்து அளந்தவரே, சராசரியும் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது என்னும் உண்மையைக் கண்டனர். 2016-ஆம் ஆண்டையொட்டிக் குளிர்ந்த கடல்நீர் அப்பக்கம் வந்தபோது, அதே பனியாறு சில ஆண்டுகள் நடை தளர்ந்து, கனத்தது. தொடர்ந்து பார்த்திராவிட்டால், இந்தத் திருப்பத்தை எவர் அறிந்திருப்பர்?

அளவை தொடர்ந்து நடந்ததால் முன்கூட்டிக் கொண்ட கருத்துகள் திருந்திய வரலாறும் உண்டு. உருகிய நீர் பனியை விரைவுபடுத்துகிறது என்றால், கோடையின் வெப்பம் மிகமிகப் பனியின் வேகமும் மிகும் என்றே பலரும் எண்ணுவர். தென்மேற்குக் கிரீன்லாந்தில், நிலத்திலேயே முடியும் பனியாறுகளின் பழைய ரேடார்ப் படங்களை ஆராய்ந்தவர்கள் 2011-ஆம் ஆண்டில் வேறொன்றை அறிவித்தனர். மிக வெப்பமான ஆண்டுகளிலும் பனி முதலில் விரைந்தது. ஆனால் விரைவிலேயே தளர்ந்தது. நீர் மிகுதியாக வந்தபோது, அது பனியின் அடியில் தனக்கென வாய்க்கால்களை அகழ்ந்துகொண்டு வடிந்துவிட்டது. பனியைத் தாங்க நீர் நிற்கவில்லை. நிலத்தில் முடியும் பனியாற்றுக்கு ஒரு நடை. கடலில் முடியும் பனியாற்றுக்கு வேறொரு நடை. ஒன்றைக் கண்டு மற்றதைத் தீர்மானித்தல் ஆகாது.

அண்டார்க்டிகாவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அங்குள்ள கடுங்குளிரில், பனியாறுகள் பருவத்துக்கேற்ப நடையை மாற்றுவது அரிது என நெடுநாள் கருதப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள 105 பனியாறுகளை எடுத்துக்கொண்டது. 2014 முதல் 2021 வரை செண்டினல் எடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் ஒப்பிடப்பட்டன. அவை கோடையில் சராசரியாக 12 விழுக்காடு விரைகின்றன என்பது தெரிந்தது. சிலவற்றில் அது 22 விழுக்காடு வரை சென்றது. குளிர்காலத்தில் ஆண்டுக்கு 1,000 மீட்டர் என்னும் கணக்கில் நடக்கும் பனியாறு, கோடையில் 1,120 மீட்டர் என்னும் கணக்கில் நடக்கிறது என்று கொள்ளலாம். சிறு வேறுபாடுதானே என்று தோன்றும். நூறு பனியாறுகளில், ஆண்டுக்கு ஆண்டு இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் விட்டால், கடலுக்குச் செல்லும் பனியின் அளவே பிழைபட்டுவிடும்.

அந்தக் கணக்கு எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று. கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் 1992 முதல் 2020 வரை ஏறக்குறைய 7 லட்சத்து 56 ஆயிரம் கோடி டன் பனியை இழந்தன. அதனால் கடல்மட்டம் சுமார் 21 மில்லிமீட்டர் உயர்ந்தது எனக் கணித்திருக்கின்றனர். ஒரு கடற்கரை ஊரில் சுவர் எவ்வளவு உயரமாக எழுப்ப வேண்டும், புதிய வீடுகளை எங்கே கட்ட வேண்டும் என்று முடிவு செய்வோர் இத்தகைய கணக்கையே நம்பி நிற்கின்றனர். மிகுத்துச் சொன்னால் வீண் செலவும் அச்சமும் விளையும். குறைத்துச் சொன்னால் உயிர்ச்சேதம் விளையலாம். ஆகவே அளப்பவரின் நேர்மை, அவரை ஒருநாளும் காணாத மக்களைக் காக்கும் அரணாகிறது.

செயற்கைக்கோள் வந்துவிட்டதால் மனிதன் பனியின்மேல் கால் வைக்க வேண்டுவதில்லை என்று நினைத்தல் கூடாது. வானிலிருந்து செய்த அளவை சரிதானா என்பதைத் தரையில் செய்த அளவையே உறுதிப்படுத்த வேண்டும். கோன்ராட் ஸ்டெஃபன் என்னும் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி, 1990-ஆம் ஆண்டில் கிரீன்லாந்துப் பனியின்மேல் ஒரு முகாமை அமைத்தார். அதனருகே செய்த அளவைகளிலிருந்து, குளிர்காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 31 சென்டிமீட்டர் நகர்ந்த பனி, 1998-ஆம் ஆண்டுக் கோடையில் 40 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது தெரிந்தது. ஹூகியின் குடிசையைப்போலவே அந்த முகாமும் பனியோடு நடந்துகொண்டே இருந்தது. முப்பது ஆண்டுகள் அவர் அங்கே திரும்பத் திரும்பச் சென்றார். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், அம்முகாமின் அருகில், பனிப்பிளவு ஒன்றில் விழுந்து உயிர் துறந்தார். ஓர் அட்டவணையில் 31 என்றும் 40 என்றும் எண்களைக் காணும்போது, அவற்றின் பின்னே நின்ற மனிதரையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

தொடர்ந்து அளப்பதும் எளிதன்று. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் செண்டினல் கோள்களுள் இரண்டாவது பழுதுற்றது. ஆறு நாள் இடைவெளி மீண்டும் பன்னிரண்டு நாளாயிற்று. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அதற்கு ஈடாகப் புதிய கோள் சென்றது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் என்னும் ரேடார்க்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது செண்டினலைவிட நீண்ட அலைகளைப் பயன்படுத்துவது. மேற்பரப்பில் நேரும் சிறு மாறுதல்களால் நீண்ட அலைகள் எளிதில் குழம்புவதில்லை. வெப்ப நாட்டின் கரையிலிருந்து எழுந்த கோள் ஒன்று, துருவப் பனியின் நடையைக் கண்காணிப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். கடல் எல்லா நாட்டுக் கரைகளையும் தொடுவதால், அதன் கணக்கை எழுதும் பொறுப்பிலும் எல்லா நாட்டவர்க்கும் பங்கு உண்டு.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் மொழி. பனியாறு அவ்வாறே நகர்கிறது; அதனை அறியும் அறிவும் அவ்வாறே நகர்ந்து வந்திருக்கிறது. ஹூகியின் குடிசையிலிருந்து டிண்டலின் குளிர்காலப் பயணத்துக்கும், அங்கிருந்து வானத்துக் கோளுக்கும் இரு நூற்றாண்டு நடை அது. ஒரு நாள் பார்த்து ஒரு பொருளின் இயல்பைத் தீர்மானித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெயிற்காலத்தில் கண்டதை ஆண்டு முழுவதற்கும் உரியதென்போம். ஒருமுறை கண்ட மனிதரை என்றும் அவ்வாறே இருப்பவர் என்போம். பனியை அளப்போர் அங்ஙனம் செய்வதில்லை. அவர்கள் மீண்டும் வந்து பார்க்கிறார்கள், கோடையிலும் பார்க்கிறார்கள், இருளிலும் பார்க்கிறார்கள், பின்னரே கூறுகிறார்கள். அந்தப் பொறுமையை நாமும் கற்றுக்கொள்ளுதல் நன்று.